இலங்கையிற் குற்றவியல் நீதி: மாணவர்க்கோர் அறிமுகம்

கோவலன் கொலையுண்டமைக்குக் காரணம் யாது என்று மாணவரை வினவினால், பொற்கொல்லனது வஞ்சகம் என்பர் சிலர். ஊழ்வினை என்பர் வேறு சிலர். இரண்டும் காப்பியத்தோடு பொருந்தும் விடைகளே. ஆயினும், சட்டம் பயின்றவன் ஒருவன் மூன்றாவது விடை ஒன்றைக் கூறுவான்: விசாரணை நிகழவில்லை. குற்றஞ் சாட்டியவனது சொல் ஒன்றே சான்றாயிற்று. சாட்டப்பட்டவன் அரசன் முன் நிறுத்தப்படவில்லை. அவனுடைய மறுமொழி கேட்கப்படவுமில்லை. சிலம்பு உடைக்கப்பட்டு, அதனுள் இருந்த பரல் யாதென்று காணப்பட்டது அவன் இறந்த பின்னரே. தண்டனைக்கு முன் நிகழவேண்டிய சோதனை தண்டனைக்குப் பின் நிகழ்ந்தமையாற் பாண்டியனது செங்கோல் வளைந்தது.

குற்றவியல் நீதி எனப்படுவது, முன்னது முன்னும் பின்னது பின்னுமாக நிகழச்செய்யும் ஏற்பாடேயாகும். முறைப்பாடு, விசாரணை, சான்று, மறுமொழி, தீர்ப்பு, தண்டனை என்னும் இவை இவ்வரிசையிலேயே நிகழல் வேண்டும். இவ்வுண்மை இன்று எளிதாகத் தோன்றினும், இலங்கையில் இது நிலைபெறுதற்குப் பல தலைமுறைகள் சென்றன. நிலைபெற்ற பின்னரும் பன்முறை கைவிடப்பட்டது. பாடசாலையில் அரசர் பெயரையும் போர் நிகழ்ந்த ஆண்டையும் மனனஞ் செய்யும் மாணவன், தன் அயலவன் ஒருவன் கைதுசெய்யப்பட்டால் அடுத்து நிகழவேண்டியது யாதென அறியாது கல்லூரியை விட்டு நீங்குகின்றான். அக்குறையை ஓரளவிற்கேனும் நீக்குதற்கு இவ்வரலாற்றினை நோக்குதல் பயனுடைத்து.

ஒல்லாந்தர் சட்டமும் சித்திரவதை ஒழிப்பும்

பதினெட்டாம் நூற்றாண்டில் இலங்கையின் கரையோரப் பகுதிகள் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியாரின் ஆட்சியில் இருந்தன. கொழும்பு, யாழ்ப்பாணம், காலி ஆகிய மூன்று இடங்களிலும் அவர்கள் நீதிச் சபைகளை அமைத்திருந்தனர். யாழ்ப்பாணத்து மக்களின் வழக்கங்களை 1707ஆம் ஆண்டில் கிளாசு ஐசாக்சு என்பார் தொகுத்தமையும், அத்தொகுதி தேசவழமை எனப் பெயர் பெற்றமையும் பலரும் அறிந்தவை. ஆனால், தேசவழமை பெரும்பாலும் சீதனம், முதுசொம், தேடியதேட்டம், ஒற்றி, ஈடு முதலிய குடியியற் பொருள்களையே கூறுவது. கொலை, களவு முதலிய பெருங்குற்றங்களை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரத்தைக் கம்பனியார் தம் கையிலேயே வைத்திருந்தனர். அவ்விசாரணைக்கு உரோம ஒல்லாந்தச் சட்டமே அடிப்படையாயிற்று.

அக்காலத்து ஐரோப்பிய நாடுகள் பலவற்றிற்போலவே, எதிரியின் வாயினின்றும் குற்றவொப்புதலைப் பெறுதற்கு அவனை வதைத்தல் அச்சட்டத்திலும் அனுமதிக்கப்பட்டிருந்தது. வதையைத் தாங்கமாட்டாதவன் செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொள்வான். தாங்கவல்லவன் செய்த குற்றத்தையும் மறுத்துத் தப்புவான். இவ்வாறு உடல்வலிமையே உண்மையின் அளவுகோலாயிற்று. கரையோரம் ஆங்கிலேயர் கைப்பட்டபின், 1799ஆம் ஆண்டில் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் வெளியிட்ட பிரகடனம் உரோம ஒல்லாந்தச் சட்டத்தைத் தொடர்ந்து நிலவச்செய்த அதேவேளையிற் சித்திரவதையையும் கொடுந்தண்டனைகளையும் ஒழித்தது. 1801ஆம் ஆண்டின் நீதிச் சாசனத்தால் உயர் நீதிமன்றம் தோன்றியது.

கண்டி இராச்சியம் அப்பொழுது தனித்து நின்றது. அங்கு 1814ஆம் ஆண்டில் எகலப்பொலையின் மனைவியும் மக்களும் அவன் செய்த துரோகத்தின் பொருட்டுக் கொல்லப்பட்டனர். ஒருவன் குற்றத்திற்கு அவன் குடும்பத்தைத் தண்டித்தல் இன்று எவர்க்கும் ஒவ்வாது. மறு ஆண்டு கைச்சாத்தான கண்டி உடன்படிக்கையின் ஆறாம் பிரிவு உடலை வதைத்தலையும் உறுப்புக்களைக் குறைத்தலையும் விலக்கியது. ஏழாம் பிரிவு தேசாதிபதியின் எழுத்துமூலமான ஆணையின்றி மரண தண்டனை நிறைவேற்றப்படலாகாது என விதித்தது. எழுத்து வேண்டும் என்னும் விதி சிறிதுபோலத் தோன்றும். ஆயினும், எழுதுபவன் ஆராய நேர்கின்றது. எழுதப்பட்டதைப் பிறர் பின்னர் வாசித்து வினவவும் கூடும். வாய்ச்சொல்லாற் பிறந்த கட்டளைக்கு இவ்விரண்டும் இல.

யூரி முறையின் வருகை

1811ஆம் ஆண்டிற் பிரதம நீதியரசர் சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்ரனது முயற்சியால், இலங்கை மக்கள் தம் நாட்டவரான யூரிகளால் விசாரிக்கப்படும் உரிமையைப் பெற்றனர். ஊரவரின் மொழியையும் நடையையும் அறியாத அந்நிய நீதிபதி ஒருவர், சாட்சி கூறுவோனது சொல்லின் மெய்ம்மையைத் தனித்து நின்று அளத்தல் அரிது. அதனை அவ்வூரவரே நன்கு அளப்பர் என்பது அவர் கருத்து. இவ்வனுபவத்தை விளக்கி 1825ஆம் ஆண்டில் அவர் இலண்டனிலிருந்த அமைச்சர் வின் என்பவர்க்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டே இந்தியரும் யூரிகளாக அமர்தற்கு வழிசெய்யும் சட்டம் ஆங்கிலப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. இவ்விடயத்தில் இலங்கையே வழிகாட்டியாக நின்றதெனல் மிகையன்று.

அக்காலத்து யூரிகள் சாதியும் குலமும் நோக்கித் தெரிவுசெய்யப்பட்டனர் என்பதை மறைத்தல் வரலாற்றுக்கு அடாது. சமூகத்தின் ஏற்றத்தாழ்வு நீதிமன்ற வாயிலில் நின்றுவிடவில்லை, உள்ளேயும் புகுந்தது. ஆயினும் அதே யூரிகளிடையே வேறொரு விளைவும் தோன்றியது. அவருட் பலர் அடிமைகளை உடையராயிருந்தனர். ஜோன்ஸ்ரனது தூண்டுதலால் அவர்கள், 1816 ஆகத்து 12ஆம் நாளுக்குப் பின் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் குழந்தைகள் யாவும் உரிமைக் குழந்தைகளெனத் தாமே தீர்மானித்தனர். பிறனது உயிரையும் உரிமையையும் எடைபோடும் பொறுப்பு ஒருவன் தலைமேல் வைக்கப்படும்போது, அவன் தன் வீட்டையும் அதே தராசில் வைத்துப் பார்க்க நேர்ந்தது போலும்.

காலப்போக்கில் யூரிப் பட்டியல்கள் மொழிவாரியாக அமைந்தன. ஆங்கிலம், சிங்களம், தமிழ் என்பவற்றுள் எம்மொழி யூரியால் விசாரிக்கப்பட வேண்டுமெனத் தெரிந்துகொள்ளும் உரிமை எதிரிக்குக் கிட்டிற்று. யூரி எழுவரைக் கொண்டது. எழுவருள் ஐவரேனும் ஒருமித்தாலன்றி முடிபு செல்லாது. உயர் நீதிமன்ற நீதியரசர்கள் சுற்றுமுறையில் யாழ்ப்பாணம் முதலிய நகரங்களுக்கு வந்து யூரியோடு அமர்ந்து பெருங்குற்றங்களை விசாரிக்கும் வழக்கம் 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் வரை நிலவியது. அதன் பின்னர் அவ்வேலை மேல் நீதிமன்றுகளுக்கு உரியதாயிற்று. பிற்காலத்திற் குறித்த சில பெருங்குற்றங்களில் எதிரி விரும்பித் தெரிந்தாலன்றி யூரி அமர்வதில்லை என்றாயிற்று. யூரி விசாரணை அருகியதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

எழுதப்பட்ட தண்டனைச் சட்டம்

1830ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்த விசாரணைக் குழுவினருள் சாள்சு ஹே கமறன் நீதித்துறையை ஆராய்ந்தவர். கரையோரத்துக்கும் கண்டிக்கும் வெவ்வேறாயிருந்த நீதிமன்ற அமைப்புக்களை ஒன்றாக்கிய 1833ஆம் ஆண்டுச் சாசனம் அவர் ஆராய்ச்சியின் பயன். அவர் பின்னர்க் கல்கத்தா சென்று, மெக்காலே தலைமை தாங்கிய இந்தியச் சட்ட ஆணைக்குழுவில் இடம்பெற்றார். அக்குழு 1837ஆம் ஆண்டில் வரைந்து முடித்த நகலே 1860ஆம் ஆண்டில் இந்தியத் தண்டனைச் சட்டமாயிற்று. அதனைப் பெரிதும் தழுவி இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக இயற்றப்பட்டு, 1885 சனவரி 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. கமறன் முதுமையில் இலங்கைக்கே மீண்டு மலைநாட்டிற் குடியிருந்து 1880இற் காலமானமையால், தாம் கைவைத்த சட்டம் இந்நாட்டிற் செல்வதைக் கண்டாரல்லர்.

இச்சட்டக்கோவையின் சிறப்பு யாது? அதற்கு முன் குற்றம் இன்னதென்பதை அறிய விரும்பியவன் ஒல்லாந்து அறிஞரின் பழைய நூல்களைத் தேடல் வேண்டும். இதன்பின் குற்றங்கள் யாவும் ஒரே நூலில் வரைவிலக்கணத்தோடும் உதாரணங்களோடும் அமைந்தன. களவு என்பதற்கு இச்சட்டம் தரும் விளக்கத்தை நோக்குக. பிறனது காணியில் நிற்கும் மரத்தை நேர்மையற்ற எண்ணத்தோடு தறிப்பவன், மரம் நிலத்தினின்றும் பிரிந்த அக்கணமே கள்வனாகின்றான். வீட்டிற்குக் கொண்டுசெல்லும் வரை காத்திருக்கவேண்டியதில்லை. ஆனால் பிறன் பொருளைத் தன் பொருளென மெய்யாகவே நம்பி எடுத்துச் செல்பவன் கள்வனல்லன். செயல் ஒன்றாயினும் உள்ளம் வேறாதலின் பெயரும் வேறாயிற்று. செயலோடு எண்ணத்தையும் சேர்த்து நோக்கும் இம்முறையே கொலைக்கும் பொருந்தும். உயிர் போயிற்று என்பது மாத்திரம் கொலைக்குற்றத்தை நிலைநாட்டப் போதாது.

1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம் இன்னொரு வேலியை அமைத்தது. பொலிசு உத்தியோகத்தரிடம் ஒருவன் செய்த குற்றவொப்புதலை அவனுக்கு எதிராகச் சான்றாக்குதல் ஆகாது என்பது அச்சட்டத்தின் பொதுவிதி. 1865ஆம் ஆண்டின் பொலிசுக் கட்டளைச் சட்டத்தின்கீழ்ப் பொலிசுப் படை ஒழுங்காக அமைக்கப்பட்டிருந்தது. கிராமங்களில் விதானைமாரும் உடையார்மாரும் குற்றவாளிகளைப் பிடிக்கும் கடமையை 1963இல் அப்பதவிமுறை நீங்கும் வரை ஆற்றினர். பிடிப்பவனே ஒப்புதலையும் பெற்று அதனையே சான்றாகவும் காட்டலாமெனின், 1799இல் முன்வாயிலால் அகற்றப்பட்ட வதை பின்வாயிலாற் புகும் என்பதைச் சட்டம் இயற்றியோர் உணர்ந்திருந்தனர்.

வழக்குச் செல்லும் வழி

இன்று ஒருவன் கைதுசெய்யப்பட்டால், கைதுக்குரிய காரணம் அவனுக்குக் கூறப்படல் வேண்டும். சாதாரண சட்டத்தின்படி 24 மணித்தியாலத்துக்குள் அவன் நீதவான் முன் நிறுத்தப்படல் வேண்டும். நீதவான் அவனைப் பிணையில் விடலாம். அல்லது விளக்கமறியலில் வைக்கலாம். விளக்கமறியல் தண்டனையன்று, விசாரணைக்குக் காத்திருத்தலேயாம். பிணை வழங்கலே வழி, மறுத்தல் விலக்கு என்பது 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் கொள்கை. சிறு குற்றங்களை நீதவானே விசாரித்து முடிவு செய்வார். பெருங்குற்றமாயின், சட்டமா அதிபர் சான்றுகளை ஆராய்ந்து குற்றப்பகர்வுப் பத்திரத்தை மேல் நீதிமன்றில் தாக்கல் செய்வார். ஆண்டுகள் சில கழிந்த பின்னர் இது நிகழ்தலும் உண்டு; அக்காலமெல்லாம் மறியலில் இருந்தவன் ஈற்றில் விடுதலை பெறினும், இழந்த ஆண்டுகளை மீட்டுக் கொடுப்பார் இலர்.

மன்றில் எதிரி தன் குற்றமின்மையை நிறுவவேண்டியவனல்லன். அவனது குற்றத்தை நியாயமான ஐயத்திற்கு இடமின்றி நிறுவும் பாரம் வழக்குத் தொடுநருடையது. ஐயம் எஞ்சின் அதன் பயன் எதிரிக்கே உரியது. குற்றவாளி எனக் காணப்பட்டவன் மேன்முறையீடு செய்யலாம். இவ்வுரிமை யூரி வழக்குகளில் 1938ஆம் ஆண்டில் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தோன்றிய பின்னரே செம்மையுற்றது. மரண தண்டனை இன்றும் சட்டப் புத்தகத்தில் உண்டெனினும், 1976ஆம் ஆண்டின் பின் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்பட்டிலர். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, பதினோராம் உறுப்புரையிற் சித்திரவதையை விலக்கி, பதின்மூன்றாம் உறுப்புரையில் மேற்கூறிய காப்புக்களை அடிப்படை உரிமைகளாகப் பொறித்துள்ளது.

வரிசை கைவிடப்பட்ட காலங்கள்

ஒரு நாட்டின் நீதிமுறையை அமைதிக் காலத்தில் மாத்திரம் நோக்கி மதிப்பிடலாகாது. 1818, 1848, 1915 ஆகிய மூன்று காலங்களில் ஆங்கில அரசினர் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தனர். 1848இற் புரன் அப்பு இராணுவ மன்றின் தீர்ப்பாற் சுடப்பட்டான். அவ்வாண்டு நிகழ்ந்தவற்றைப் பாராளுமன்றக் குழு விசாரித்தது. தேசாதிபதி தொறிங்ரன் பதவி இழந்தார்.

1915 மே மாத இறுதியிற் கண்டியில் தொடங்கிய கலவரத்தில் முசுலிம் மக்கள் உயிரையும் உடைமையையும் இழந்தனர். குற்றஞ் செய்தோர் தண்டிக்கப்படவேண்டியவரே, ஐயமில்லை. ஆனால் சூன் 2ஆம் நாள் இராணுவச் சட்டம் பிரகடனஞ் செய்யப்பட்டபின், யூரியுமின்றி மேன்முறையீடுமின்றி இராணுவ மன்றங்கள் தீர்ப்பளித்தன. கொழும்பு நகர் காவற் படையில் அதிகாரியாயிருந்த இளைஞரான கென்றி பெதிரிசு சூலை 7ஆம் நாள் வெலிக்கடையிற் சுட்டுக்கொல்லப்பட்டார். சாதாரண நீதிமன்றங்கள் திறந்திருக்கும்போது இராணுவ மன்றம் எதற்கு என்னும் வினாவைச் சட்ட நிரூபண சபையில் எழுப்பியவர்களுள் தலையாயவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். ஆங்கில நாட்டில் நியாயவாதியாக ஏற்கப்பட்ட முதல் இந்துவான சேர் முத்துக்குமாரசுவாமியின் மருகர் அவர்; சொலிசிற்றர் செனரலாக அரசின் சார்பில் நெடுங்காலம் வழக்குரைத்தவர். யுத்த காலத்தின் கடற்பயண அபாயத்தையும் பொருட்படுத்தாது இலண்டன் சென்று நீதி கேட்டார். தமிழர் ஒருவர் சிங்கள மக்களுக்காக வாதாடினார் என்று இதனைப் போற்றுவர். உண்மை, எனினும் அவர் வாதாடியது ஓர் இனத்துக்காக மாத்திரமன்று, தண்டனைக்கு முன் விசாரணை என்னும் நியதிக்காகவுமாகும்.

சுதந்திரம் பெற்ற பின்னரும் அந்நியதி சோதனைக்குள்ளாயிற்று. 1962 சனவரியில் அரசைக் கவிழ்க்கச் சூழ்ந்தனர் எனப் படை அதிகாரிகளும் பொலிசு அதிகாரிகளும் குற்றஞ் சாட்டப்பட்டனர். அவர்களைத் தண்டிக்கும் பொருட்டே பாராளுமன்றம் புதிய சட்டம் ஒன்றை இயற்றி, நிகழ்ந்து முடிந்த செயலுக்கு அது பின்னோக்கிச் செல்லுமெனவும் விதித்தது. விசாரணை மன்றின் நீதியரசரை அமைச்சரே நியமிக்க முனைந்தபோது, அந்நியமனம் செல்லாதென நியமிக்கப்பட்ட நீதியரசர் தாமே தீர்த்தமை இந்நாட்டு நீதி வரலாற்றிற் பெருமைக்குரிய நிகழ்ச்சியாம். பின்னர் வேறு நீதியரசரால் 11 பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனராயினும், 1965 திசம்பரிற் கோமறைக் கழகம் அத்தீர்ப்பை நீக்கியது. குறித்த சிலரை நோக்கிச் சட்டம் இயற்றுதல் சட்டம் ஆக்குதலன்று, தீர்ப்புக் கூறுதலேயாம். அது நீதித்துறைக்கே உரியது என்பது அம்முடிபின் சாரம். கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்யும் உரிமை 1971இல் நீங்கியது. அது நாட்டிய கொள்கை இன்றும் பல நாட்டுச் சட்ட மாணவராற் படிக்கப்படுகின்றது.

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் மூன்றாண்டுக்கெனத் தற்காலிகமாக இயற்றப்பட்டு, 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. நீதவான் முன் வழக்கமான விசாரணையின்றியே பதினெட்டு மாதம் வரை ஒருவரைத் தடுத்துவைத்தற்கும், உதவி அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத பொலிசு அதிகாரியிடம் செய்த குற்றவொப்புதலைச் சான்றாக்குதற்கும் அது இடமளித்தது. 1895இல் எழுந்த வேலி இவ்வாறு திறக்கப்பட்டது. தமக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்திற் கையொப்பமிட்டோம் எனத் தமிழ் இளைஞர் பலர் மன்றுகளிற் கூறியமை இதன் விளைவு. தடுப்புக்கால எல்லை 2022இற் பன்னிரு மாதமாகக் குறைக்கப்பட்டது.

1983 சூலை 25ஆம் 27ஆம் நாட்களில் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் ஏனைய கைதிகளாற் கொல்லப்பட்டனர். அவருட் சிலர் தீர்ப்புப் பெற்றவர். ஏனையோர் விசாரணையையே எதிர்நோக்கியிருந்தவர். ஒருவனைச் சிறையில் அடைக்கும் அரசு அவனது உயிருக்குப் பொறுப்பேற்கின்றது. சிறைக்கதவு வெளியிலுள்ளோரை அவனிடமிருந்து காப்பதுபோலவே அவனையும் பிறரிடமிருந்து காத்தல் வேண்டும். அக்கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்பட்டிலர் என்பதும் இவ்வரலாற்றின் பகுதியே.

சிறுவரும் சட்டமும்

மாணவர்க்கு நேரே உரியதொரு பகுதி எஞ்சியுள்ளது. 1883ஆம் ஆண்டின் சட்டக்கோவை, எட்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் செயல் எதுவும் குற்றமாகாதென்றும், எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட வயதினர் தம் செயலின் தன்மையை உணரும் முதிர்ச்சி உடையரோ என ஆராயப்படல் வேண்டுமென்றும் கூறிற்று. 2018ஆம் ஆண்டின் திருத்தம் இவ்வெல்லைகளை முறையே பன்னிரண்டாகவும் பதினான்காகவும் உயர்த்தியது. எட்டு வயதுப் பாலகன், அதாவது மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை, குற்றவாளிக் கூண்டில் நிற்கக்கூடுமென்னும் நிலை மாறுதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் பதினாறு வயதுக்குட்பட்டோர்க்கென வேறான நீதிமன்ற முறையை வகுத்தது. 1944ஆம் ஆண்டின் நன்னடத்தைக் கட்டளைச் சட்டம், சிறைக்கு அனுப்பாது கண்காணித்துத் திருத்தும் வழியைத் திறந்தது. நீதிமன்றம் விதிக்கும் கசையடித் தண்டனை 2005இல் ஒழிந்தது. இம்மாற்றங்கள் யாவற்றிலும் ஒரு கருத்து ஊடுருவி நிற்கின்றது: தவறு செய்தவன் தண்டனை முடிந்த பின் மீண்டும் நம்மிடையே வாழ வருபவன், எவ்வாறு வருகின்றான் என்பது நாம் அவனை எவ்வாறு நடத்தினோம் என்பதைப் பொறுத்தது.

நீதிமன்றங்கள் பொதுவாக எவர்க்கும் திறந்தவை. உயர் வகுப்பு மாணவர் சிலரை ஆசிரியர் ஒருவர் அழைத்துச்சென்று, நீதவான் நீதிமன்றின் பின்வாங்கில் ஒரு முற்பகல் முழுவதும் அமரச்செய்தல் பல நூல்களைக் கற்பித்தலினும் பயன்தரும். கூண்டில் நிற்பவன் பெயர் அழைக்கப்படுவதையும், குற்றச்சாட்டு அவனது மொழியில் அவனுக்கு விளக்கப்படுவதையும், அவன் மறுமொழிக்காக மன்று காத்திருப்பதையும் அவர்கள் காண்பர். மதுரையிற் கோவலனுக்குக் கிட்டாதது அக்காத்திருப்பே. அது என்றேனும் ஒரு நாள், எவனுக்கேனும், இந்நாட்டில் மறுக்கப்படுமாயின், மறுக்கப்பட்டது யாதென அறிந்து வினவுதற்கு இம்மாணவராவது இருப்பர்.